82 மில்லிமீட்டர் ஸ்கீயும் ஒரு டிகிரி எட்ஜும்

இறுகிப்போன பனியில் காலை வாரிக்கொண்டிருந்த ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை), இந்த வாரம் முழுக்கப் பிடித்து நின்றது. பலகை அதே பலகைதான். மாறியது எட்ஜின், அதாவது பலகை ஓரத்து இரும்பு விளிம்பின், அடிப்பக்கக் கோணம், அதுவும் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். கெட்டிப் பனிக்கு ஒரு ஸ்கீ தேறுமா தேறாதா என்று சொல்லும் முன் எதை அளந்து பார்க்க வேண்டும் என்பது இந்த வேலையில்தான் எனக்குப் பிடிபட்டது. வாங்கியதிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். அளவுகளும் செலவும் கூடவே வரும்.

நான் சறுக்கும் இடத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். டொராண்டோவிலிருந்து வடமேற்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் கோலிங்வுட், அதை ஒட்டி புளூ மவுண்டன். நயாகரா எஸ்கார்ப்மென்ட் என்கிற நீண்ட பாறைமேடு ஜார்ஜியன் விரிகுடாவைப் பார்த்து இறங்குகிற இடம் அது. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 220 மீட்டர்தான். ஏரிக்காற்றோடு பனி கொட்டும் நாள்கள் உண்டு. ஆனால் நடு ஜனவரியில்கூட ஒரு பகல் மழை பெய்து, அன்று இரவே மைனஸ் பத்துக்குப் போய்விடும். சரிவில் பாதிக்கு மேல் இயந்திரத்தில் தயாரித்த பனி வேறு. க்ரூமர் வண்டி இரவெல்லாம் உழுது காலையில் வரிவரியாகக் கோடு போட்டு வைத்திருக்கும். பதினோரு மணிக்குள் கூட்டம் அந்த மேல்தோலைச் சுரண்டி ஓரத்தில் தள்ளிவிடும். அடியில் சாம்பல் நிறத்தில் மினுங்கும் தளம் வெளியே வரும். இந்தப் பதிவில் கெட்டிப் பனி என்று நான் சொல்வது அதைத்தான்.

இந்தத் தளத்துக்கு 100 மில்லிமீட்டர் இடுப்புள்ள (காலடியில் பலகை குறுகும் இடத்தின் அகலம்) ஸ்கீயோடு வருபவர்கள் நிறையப் பேர். மேற்கே ராக்கி மலைகளின் தூள்பனிக்கு அது அருமையான பலகை. இங்கே அதை விளிம்பில் நிறுத்தக் கணுக்காலும் முட்டியும்தான் கூலி கொடுக்க வேண்டும். கணக்கு எளிது. பூட்ஸின் நடுக்கோட்டிலிருந்து எட்ஜ் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அது இடுப்பு அகலத்தில் பாதி. 100 என்றால் 50 மில்லிமீட்டர், 68 என்றால் 34. பூட்ஸ் அடியே 69 மில்லிமீட்டர்தான் அகலம் என்பதால், 68 ஸ்கீயில் எட்ஜ் கிட்டத்தட்ட பாதத்தின் ஓரத்துக்கு நேர்கீழே வந்துவிடுகிறது. 82 நடுவே நிற்கிறது, 41 மில்லிமீட்டர். காலையில் கெட்டித் தளத்திலும் பகலில் ஓரத்தில் குவிந்த நொறுங்கல் பனியிலும் ஒரே பலகை ஓட வேண்டும் என்பதால்தான் 80க்குப் பக்கத்தில் தேடினேன்.

கிடைத்தது பழைய ஜோடி, பூட்ஸைப் பலகையில் பூட்டும் பைண்டிங்கோடு 350 டாலர். நீளம் 173 சென்டிமீட்டர், மேலே அச்சிட்டிருந்த அளவு 127-82-110 (முனை, இடுப்பு, வால் அகலம், மில்லிமீட்டரில்), பக்க வளைவின் ஆரம் 16 மீட்டர். மரக் கருவுக்கு மேலும் கீழும் டைட்டானல் என்கிற அலுமினியக் கலவைத் தகடு. முனையில் லேசான ராக்கர் (மேல்நோக்கிய வளைவு), காலடியில் கேம்பர் (தரையில் வைத்தால் நடு உயர்ந்து நிற்கும் வில் வளைவு). கம்பெனிப் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இதில் வரும் எதுவும் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதல்ல. 80 முதல் 84 வரை டைட்டானல் போட்ட எந்தப் பலகைக்கும் பொருந்தும்.

பனிக்குப் போகும் முன் மேசை மேல் வைத்துச் செய்த சோதனைகள் இவை. சமையலறைத் தராசில் பைண்டிங்கோடு நிறுத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் 20 கிராமுக்குள். சமதளக் கிரானைட் மேடையில் ஒன்றை வைத்து நடுவில் இடைவெளி பார்த்தேன். 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டு இடிக்காமல் உள்ளே போனது, 5 போகவில்லை. அடுத்ததிலும் அதே. பழைய ஸ்கீயில் ஒன்று மட்டும் கேம்பர் இழந்திருந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதற்கு மருந்து கிடையாது.

ஆரத்தையும் டேப் வைத்துச் சரிபார்த்தேன். முனையின் அகலமான இடத்திலிருந்து வாலின் அகலமான இடம் வரை 153 சென்டிமீட்டர். 127ஐயும் 110ஐயும் கூட்டி நாலால் வகுத்தால் 59.25, அதில் இடுப்பின் பாதி 41ஐக் கழித்தால் 18.25 மில்லிமீட்டர். பக்கவாட்டு வளைவின் ஆழம் அது. நீளத்தின் வர்க்கத்தை ஆழத்தின் எட்டு மடங்கால் வகுக்க 16 மீட்டர் வருகிறது. அச்சிட்டது உண்மைதான். இந்த எண் சமமாக வைத்த நிலைக்கு மட்டும். 45 டிகிரி சாய்த்தால் வளைவு 11 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்துவிடும், 60 டிகிரியில் 8 மீட்டர். வாங்கும்போது ஆரத்தைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பது இதனால்தான்.

முனையை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். கெட்டிப் பனியில் முனை முறுக்கிக்கொடுத்தால் எட்ஜ் விலகிவிடும். இது அசையவில்லை. பைண்டிங்கை மட்டும் நான் தொடவில்லை. அதைக் கடையில் கருவியில் போட்டு, விழும்போது பூட்ஸை விடும் விடுவிப்பு விசையைச் சோதித்து, என் எடைக்கும் பூட்ஸ் நீளத்துக்கும் ஏற்ப வைத்துக் கொடுத்தார்கள். 35 டாலர். யாராக இருந்தாலும் இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

எல்லாம் தேறிய பலகை பனியில் தேறவில்லை. மென்மையான சரிவில் பிரமாதம். சாம்பல் தளத்தில் வேகம் எடுத்ததும் முதலில் ஒரு வழுக்கல், பிறகு வெடுக்கென்று ஒரு பிடி, மறுபடி வழுக்கல். பல் தந்தியடிப்பது மாதிரி படபடவென்று அதிர்வு காலில் ஏறியது. 82 என்பதால்தான் இப்படி, 70க்குக் கீழே போயிருக்க வேண்டும் என்று அன்றே முடிவு கட்டுவது சுலபம். பலர் அந்த இடத்தில்தான் ஸ்கீயை விற்கிறார்கள்.

முதலில் கை வைத்தது பக்க எட்ஜில். ஸ்கீயை வைஸில் பூட்டி, பைண்டிங்கின் பிரேக்கைத் தடித்த ரப்பர் வளையத்தால் இழுத்துக் கட்டி, எட்ஜின் பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரால் ஒரு பட்டை போட்டேன். கோணத்தைப் பிடித்துக்கொடுக்கும் 88 டிகிரி கைடில் வைரக்கல்லை வைத்து ஒரே ஒரு இழுப்பு. மை முழுக்கப் போனது. அதாவது பக்கக் கோணம், எட்ஜின் பக்க முகம் செங்குத்திலிருந்து உள்நோக்கிச் சாயும் அளவு, 2 டிகிரி. (சில கம்பெனிகள் 88 என்று எழுதுவதும் சில 2 என்று எழுதுவதும் ஒன்றுதான், 87 என்றால் 3.) கெட்டிப் பனிக்கு 3 நல்லது என்பதால் 87 கைடு வாங்கி அரம் போட்டேன்.

இங்கே ஒரு விஷயம். அரம் இரண்டு இழுப்பிலேயே இரும்பை விட்டுவிட்டு மெழுகுபோல் வழுக்கத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தால் பல் இடுக்கெல்லாம் வெள்ளைப் பிசிறு. எட்ஜுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் பக்கச்சுவர் துருத்திக்கொண்டு, அரம் அதைத்தான் சீவிக்கொண்டிருந்தது. பக்கச்சுவரைச் சீவும் உளிக்கருவியை நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிய பிறகுதான் இரும்புத்தூள் விழுந்தது. வலது ஸ்கீயின் நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு அரம் கிறீச்சிட்டுத் தாண்டியது. கல்லில் உரசி அந்த இடம் கடினமாகியிருந்தது, ஊதாவும் பழுப்புமாகக் கறை தெரிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் அரத்தை அழுத்தினால் அரம்தான் சாகும். முதலில் சொரசொரப்பான 200 எண் வைரக்கல்லில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கரைத்துவிட்டு மேலே போக வேண்டும். அரத்துக்குப் பிறகு 200, 400, 600 என்று கல்லை மாற்றி, கடைசியில் கம்மிக் கல் என்கிற ரப்பர் போன்ற கல்லால் பிசிறை எடுத்தேன். நகத்தை எட்ஜில் குறுக்கே இழுத்தால் பொடி சீவியது. கூர்மைக்கு அதுவே போதும்.

பனியில் கொஞ்சம் தேறியது. ஆனால் வழுக்கிவிட்டு வெடுக்கென்று பிடிக்கும் அந்தக் குணம் போகவில்லை. அப்போது லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் கீழே கையைக் காட்டினார். "உங்க தடத்தப் பாருங்க. வலது பக்கம் திரும்பினது கோடு போட்ட மாதிரி இருக்கு. இடது பக்கம் மட்டும் பட்டையா இழுத்திருக்கு." லிஃப்ட் அந்தச் சரிவுக்கு நேர் மேலேதான் போகிறது. அதிகாலையில் வேறு தடம் குறைவாக இருக்கும்போது இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. எட்ஜ் பிடித்த திருப்பத்தில் பென்சிலால் கீறியது போல இரண்டு மெல்லிய கோடு. வழுக்கிய திருப்பத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் துடைத்த தடம்.

இடது திருப்பத்தில் பாரம் தாங்குவது வலது ஸ்கீயின் உள் எட்ஜ். குறை காலிலா பலகையிலா என்று பிரிக்க, அடிவாரத்தில் ஸ்கீயை இடம் மாற்றி மாட்டினேன். இரண்டு பைண்டிங்கும் ஒரே அளவில் இருந்தால் இது ஒரு நிமிட வேலை. இடது திருப்பம் அந்த நொடியே பிடித்தது. சந்தேகப்பட்ட எட்ஜ் இப்போது இடது காலின் வெளி ஓரத்துக்குப் போய்விட்டது, அங்கே பாரம் குறைவு. குறை பலகையில்தான், அதிலும் நான்கில் ஒரு எட்ஜில். ஸ்கீயை மதிப்பிடும் எவரும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுப் பேச வேண்டும் என்பேன். செலவே இல்லாதது, ஆனால் இத்தனை உறுதியாகப் பதில் சொல்வது வேறெதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அடிப்பக்கத்தை மேலே திருப்பி வைத்தேன். நேராக்கிய இரும்புப் பட்டை ஒன்றைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் டார்ச் பிடித்துப் பார்த்தால் எட்ஜின் மேல் மெல்லிய ஒளிக்கீற்று ஆப்பு வடிவில் தெரிந்தது. எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ், வெவ்வேறு தடிமனில் மெல்லிய தகடுகள் கொண்டது. ஆட்டோ பார்ட்ஸ் கடையில் 12 டாலர். எட்ஜ் அகலம் 2 மில்லிமீட்டர். அதில் அடிப்பக்கக் கோணம், அதாவது அடித்தளத்திலிருந்து எட்ஜ் விலகிச் சாயும் அளவு, 1 டிகிரி என்றால் வெளி ஓரத்தில் இடைவெளி 0.035 மில்லிமீட்டர், 2 டிகிரி என்றால் 0.07. கேஜின் மிக மெல்லிய தகடு 0.038. ஆகவே ஒழுங்கான 1 டிகிரி எட்ஜில் எந்தத் தகடும் போகக் கூடாது.

மூன்று எட்ஜில் 0.038 போனது, 0.051 போகவில்லை. சுமார் 1.2 டிகிரி, பழைய ஸ்கீக்கு மோசமில்லை. நான்காவதில், வலது ஸ்கீயின் உள் எட்ஜில் காலடிக்கு நேரே, 0.064 தகடு தடையில்லாமல் நுழைந்தது. 0.076 நின்றது. 2 டிகிரி. முந்தைய கைகளில் எப்போதோ அந்த ஓரத்தைக் கைடு இல்லாமல் தேய்த்திருக்கிறார்கள்.

இதனால் என்ன ஆகிறது என்றால், ஸ்கீயை 2 டிகிரி சாய்க்கும் வரை எட்ஜ் பனியைத் தொடுவதே இல்லை. அதுவரை பிளாஸ்டிக் அடிதான் சறுக்குகிறது. தொட்டதும் மொத்தப் பாரமும் ஒரேயடியாக எட்ஜில் இறங்குகிறது. வழுக்கல், வெடுக்கென்று பிடி, மறுபடி வழுக்கல். மெத்தென்ற பனியில் எட்ஜ் உள்ளே புதைந்துவிடுவதால் இது தெரிவதே இல்லை. தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: உளியின் பின்பக்கம் சமமாக இல்லாவிட்டால் முன்பக்கத்தை எவ்வளவு தீட்டினாலும் மரத்தைச் சீவாது. பக்க எட்ஜை நான் தீட்டியது அப்படித்தான் போனது.

பக்கக் கோணத்தை வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். அடிப்பக்கக் கோணத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது. குறைக்க வேண்டுமானால் அடிப்பக்கம் முழுவதையும் இரும்போடு சேர்த்து அரைத்து, எட்ஜ் மறுபடி சமமாகும் வரை போய், புதிதாகக் கோணம் போட வேண்டும். கல் கிரைண்டர் உள்ள கடையில் கொடுத்தேன், 70 டாலர். பேசும்போது மூன்று விஷயம் எழுதிக் கொடுத்தேன்: எட்ஜ் சமமாகும் வரை அரைக்க வேண்டும், அடிப்பக்கக் கோணம் 0.75 டிகிரி, பக்க எட்ஜைத் தொட வேண்டாம். வாங்கிவந்ததும் கேஜ் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் 0.038 தகடு வெளியே நின்றது.

அரைத்த பிறகு எட்ஜின் தடிமன் வெர்னியரில் 1.8 மில்லிமீட்டர். இதுபோல் இன்னும் சில தடவை அரைக்கலாம், அவ்வளவுதான் ஆயுள். பக்க எட்ஜை மறுபடி 87 கைடில் மூன்று கல்லாலும் லேசாக ஓட்டினேன், அரம் தொடவில்லை. முனையிலும் வாலிலும் பனியைத் தொடாத பகுதியை மட்டும் கம்மிக் கல்லால் மழுக்கினேன். பிறகு குளிர்ப் பனிக்கான வாக்ஸ், இஸ்திரி 130 டிகிரியில். துணி இஸ்திரி வேண்டாம், அதன் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வாக்ஸுக்கென்றே உள்ளது 60 டாலர். அரைத்த அடிப்பக்கம் வாக்ஸை நன்றாகக் குடித்தது. ஆறவிட்டு, பிளெக்ஸி சுரண்டியால் எடுத்து, பித்தளைப் பிரஷ், நைலான் பிரஷ்.

இப்போதுதான் உண்மையான மதிப்பீடு. காலை ஒன்பது மணி, மைனஸ் எட்டு, முந்தைய நாள் தூறி இறுகிய தளம். முதலில் சாய்வு குறைந்த சரிவில் கணுக்காலை மட்டும் உருட்டி இரண்டு தடம். வேகம் சேராமலே எட்ஜ் தொட்டது, தொட்ட இடத்திலிருந்து மெதுவாகப் பிடி கூடியது. படிப்படியாகக் கூடுகிற அந்தப் பிடியைத்தான் நான் இத்தனை நாள் தேடினேன். அடுத்து செங்குத்தான பகுதியில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே வந்து, மினுங்கும் திட்டின் மேல் எட்ஜை வைத்து நின்றேன். நின்ற இடத்தில் நின்றது. இடதும் வலதும் ஒன்றாக. ஸ்கீயை மாற்றி மாட்டியும் ஒன்றாகவே இருந்தது.

அதே சரிவில் நண்பரின், குறுகிய திருப்பங்களுக்கான 68 மில்லிமீட்டர் ஸ்லாலம் ஸ்கீயையும் ஓட்டிப் பார்த்தேன். அது 165 சென்டிமீட்டர், 13 மீட்டர் ஆரம், எட்ஜ் புத்தம் புதுசு. சுத்தமான கெட்டித் தளத்தில் அதுதான் மேல், சந்தேகமே இல்லை. ஒரு எட்ஜிலிருந்து அடுத்த எட்ஜுக்கு மாறும் வேகம் 82க்கு வராது. 82இல் முனை ராக்கர் இருப்பதால், குறைவாகச் சாய்த்த நிலையில் முனை கொஞ்சம் தட்டிக்கொண்டே வருகிறது. நன்றாகச் சாய்த்ததும் அடங்கிவிடுகிறது. கெட்டிப் பனிக்கு மட்டும் என்றால் ராக்கர் இல்லாத முனையே நல்லது.

பதினோரு மணிக்கு மேல் கதை மாறியது. சுரண்டிய பனி ஓரத்தில் முட்டிமுட்டியாகக் குவிந்து, இடையிடையே வெறும் தளம். ஸ்லாலம் ஸ்கீ குவியலில் முனை புதைந்து திசையைப் பிடுங்கியது. 82 மேலேறி மிதந்து, டைட்டானலின் கனத்தில் குவியலை உடைத்துக்கொண்டு போய், அடுத்த வெறும் தளத்தில் பிடித்தது. நான் அங்கே நாள் முழுக்க இருப்பவன். காலை இரண்டு மணி நேரத்துக்காக மட்டும் போகிறவர் 68 முதல் 72க்குள் வாங்கட்டும். முழு நாளுக்கு என்னுடைய பலகை 82தான். 98 ஸ்கீ ஒன்றையும் வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். குவியலில் சொகுசு, ஆனால் கெட்டித் தளத்தில் சாய்த்துப் பிடித்து நிறுத்துவதிலேயே மதியத்துக்குள் முட்டியின் உட்புறம் வலித்தது.

செலவு: ஸ்கீ 350, பைண்டிங் சோதனை 35, கல் கிரைண்டிங் 70, மொத்தம் 455 டாலர். கருவிகள்: 87 கைடு 45, அரம் 20, மூன்று வைரக்கல் 75, கம்மிக் கல் 10, ஃபீலர் கேஜ் 12, இரும்புப் பட்டை 30, இஸ்திரி 60, வாக்ஸ், சுரண்டி, பிரஷ் சேர்த்து 40. அது 292. ஆகக்கூடி 747. கருவிகள் வீட்டில் பல வருடம் இருக்கும், இதே ரகப் புது ஸ்கீ பைண்டிங்கோடு ஆயிரத்தைத் தாண்டுகிறது.

அடுத்த முறை பழைய ஸ்கீ பார்க்கப் போனால் இரும்புப் பட்டையும் கேஜும் பையில் இருக்கும். விற்பவர் எதிரில் ஐந்து நிமிடம், நான்கு எட்ஜ். 0.051 தகடு போனால் விலையில் 70 டாலரைக் குறைக்கச் சொல்வேன், எட்ஜ் தடிமன் 1.5க்குக் கீழே இருந்தால் வாங்கவே மாட்டேன். கைடும் அரமும் அடிப்பக்கம் சரியான பிறகுதான். அடுத்த அரைப்பில் 0.5 டிகிரி போட்டுப் பார்க்க ஆசை இருக்கிறது, ஆனால் அது மதியக் குவியலில் ஓரம் மாட்டிக்கொள்ளும் என்று கிரைண்டர் கடைக்காரர் எச்சரித்தார். அவர் சொல்வதில் நியாயம் தெரிகிறது. அதுவரை ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் ஈரத்தைத் துடைத்து, 400, 600 கல்லைப் பக்க எட்ஜில் மட்டும் ஓட்டுகிறேன். அடிப்பக்க எட்ஜில் எந்தக் கல்லும் படுவதில்லை.